அணுக்கழிவுக் கண்ணாடி: கலவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுக்கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு (போரான் ஆக்சைடும், மணலில் உள்ள சிலிக்காவும் கலந்த கண்ணாடி) சேர்த்து உருக்கி, எஃகுக் கலனில் ஊற்றி வைப்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. என்றைக்காவது தண்ணீர் பட்டால் அந்தக் கண்ணாடி எவ்வளவு மெதுவாகக் கரையும் என்பதைக் கலவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆக்சைடையும் தனியாக எடுத்து ‘இது நல்லது, அது கெட்டது’ என்று பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அலுமினாவையே, அதாவது அலுமினியம் ஆக்சைடையே பாருங்கள். அளவோடு இருந்தால் கண்ணாடி தண்ணீரைத் தாங்கும். சரி, இன்னும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. அணு ஆயுதத்துக்காகப் புளூட்டோனியம் தயாரித்த அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் தேங்கிக் கிடக்கும் கழிவில் அலுமினியமும் சோடியமும் அதிகம். சிலிக்கா போதாமல் இவை மிகுந்தால், கண்ணாடி ஆறும்போது நெஃபலின் என்ற படிகம் உருவாகும். மூலக்கூறுக் கணக்கில், ஒரு பங்கு சோடியம் ஆக்சைடோடு ஒரு பங்கு அலுமினாவையும் இரண்டு பங்கு சிலிக்காவையும் அது இழுத்துக்கொள்கிறது. உறுதி தருகிறவை படிகத்துக்குள் போய்விட, மிஞ்சுவது போரான் மிகுந்த, சுலபமாகக் கரையும் கண்ணாடி. அதனால்தான் இம்மூன்றின் மொத்த எடையில் சிலிக்கா 0.62 பங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. போரான் நெஃபலினைத் தடுப்பதை இந்த விதி கணக்கில் எடுப்பதில்லை என்பதால், நல்ல கலவைகள் சிலவும் இதில் அடிபட்டுப் போகும்.

சட்டென்று குளிரவைத்த மாதிரியை மட்டும் சோதிப்பதும் தவறு. பெரிய கலனின் நடுப்பகுதி மெதுவாகத்தான் ஆறும், நெஃபலின் வளர நேரம் கிடைப்பது அங்கேதான். அதே வேகத்தில் ஆறவிட்டுச் சோதிக்காத முடிவை நம்பக் கூடாது.

அதற்காகப் படிகம் என்றாலே பயப்படவும் வேண்டாம். இரும்பும் குரோமியமும் சேர்ந்த ஸ்பைனல், கண்ணாடியின் தாங்கும் திறனைப் பெரிதாகக் குறைப்பதில்லை. உருக்கும் உலையின் அடியில் படிவதுதான் அதன் தொல்லை.

அப்புறம், 7 நாள் சோதனை. பொடித்த கண்ணாடியை 90 டிகிரி செல்சியஸ் நீரில் வைத்து, வெளியேறிய போரானையும் சோடியத்தையும் அளப்பார்கள். கலவைகளை ஒப்பிட இது போதும், ஆயிரம் ஆண்டுக் கணக்குக்குப் போதாது. உதாரணமாக, சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) தொடக்கத்தில் கரையும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நாளடைவில் கண்ணாடிமேல் உருவாகும் ஜெல் படலத்தில், சிலிக்கா கரைந்து மறுபடி படிந்தால்தான் நுண்துளைகள் அடைபடும். சிர்கோனியா அதிகமானால் அந்த வேலை தடைபட்டு, அரிப்பு இன்னும் ஆழமாகப் போகும்.

சல்ஃபேட்டைச் சின்ன விஷயமாக நினைப்பவர்களும் உண்டு. கண்ணாடியில் அது கொஞ்சம்தான் கரையும். மிஞ்சியது தனி உப்பாகப் பிரிந்து சீசியத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். மும்பையின் டிராம்பே அணுசக்தி மையத்தில் சல்ஃபேட் மிகுந்த கழிவுக்குப் பேரியம் போரோசிலிகேட் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.