ஆபரேஷன் முடிந்துவிட்டது, அவதி முடியவில்லை: மலக்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா?" மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பலர் இப்படி நினைத்தே வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கழிவறைக்கு ஓடுவது, உள்ளாடையில் கசிவது, போய் வந்த பின்னும் போகாதது போலவே இருப்பது என எதையும் சொல்வதில்லை. மற்ற தவறுகளுக்கெல்லாம் இந்த மௌனம்தான் வேர்.

மலக்குடல் வெறும் குழாய் அல்ல, மலத்தைத் தேக்கி வைக்கும் பை. அதை அகற்றிவிட்டுப் பெருங்குடலைக் கீழே இணைக்கும்போது தேக்க இடம் போய்விடுகிறது. இதனால் வரும் தொல்லைகளை மருத்துவர்கள் 'லார்ஸ்' என்கிறார்கள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி இருந்தவர்களுக்கும் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கும் இது கடுமையாக இருக்கும். இதை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. மொத்தம் 42 புள்ளிகள், 30-ஐத் தொட்டால் தீவிரம். அளக்க முடிகிற நோய்க்குறி இது. உங்கள் கட்டுப்பாட்டுக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

வெளியே போகும் நாளில் பட்டினி கிடப்பது பலர் கண்டுபிடிக்கும் வழி. எடை குறையும், தெம்பு போகும், தொல்லையோ அப்படியே இருக்கும். டாக்டர் சொல்லும் அளவில் குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரை, இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து, இடுப்புத்தள தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியே நீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்யும் முறை, இவை எதற்கும் மசியாதவர்களுக்கு நரம்பைத் தூண்டும் கருவி என்று படிப்படியாக வழிகள் இருக்கின்றன. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஓராண்டில் வரும். அதன் பிறகும் அவதி நீடித்தால் 'தானாகச் சரியாகும்' என்று காத்திருக்க வேண்டாம்.

சிறுகுடலிலிருந்து தற்காலிகமாக ஸ்டோமா, அதாவது மலம் வெளியே வந்து பையில் சேர வயிற்றில் ஒரு திறப்பு, வைத்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. பை அடிக்கடி நிறைகிறது, தாகம் எடுக்கிறது, உடனே வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். அது உப்பையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போகும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் இங்கே கைகொடுக்கும். இன்னொன்று, ஸ்டோமா முதல் சில வாரங்களில் சுருங்கும். முதல் நாள் அளவிலேயே, பையைத் தோலில் ஒட்டும் தகட்டில் துளை வெட்டிக்கொண்டிருந்தால் மலம் பட்டுச் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். அவ்வப்போது அளந்து பார்த்து வெட்டுங்கள்.

ஸ்டோமாவை மூடிய மறுநாளே பழைய வாழ்க்கை திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. லார்ஸ் பலருக்குத் தலைகாட்டுவதே அப்போதுதான்.

கீமோவில் ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவர்களுக்கு விரல் மரத்துப்போகும், குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுரீர் என்றிருக்கும். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதை மறைக்கிறார்கள். மருந்து நின்ற பிறகும் சில மாதங்கள் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம், நிரந்தரமாகத் தங்கியும் விடலாம். ஆரம்பத்திலேயே சொன்னால்தான் அளவை மாற்ற முடியும். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் உடனே கிளம்புங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன்பே பேசியாக வேண்டியவையும் உண்டு. இடுப்புப் பகுதி ரேடியேஷன் சினைப்பையையும் விந்தணுவையும் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்பவர்கள் கருமுட்டை அல்லது விந்தணுவைச் சேமிப்பது பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். ஆபரேஷனில் நரம்புகள் பாதிக்கப்பட்டால் ஆண்களுக்கு விறைப்பு குறையலாம். பெண்களுக்கு ரேடியேஷனால் பிறப்புறுப்பு வறண்டு சுருங்கலாம். இரண்டுக்குமே சிகிச்சை இருக்கிறது. டாக்டர் தானாகக் கேட்பார் என்று காத்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சே வராது.

ஆண்டுகள் கழித்து மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ரேடியேஷன் தந்த புண்ணாகவும் இருக்கலாம், நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, எத்தனை நாள் கசிந்தது, எதற்காக வெளியே போகாமல் இருந்தீர்கள். அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் அந்தத் தாளை மேஜை மேல் வையுங்கள்.