பள்ளி மேலாண்மைக் குழு: நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் தாங்கள் உறுப்பினர் என்பதே பலருக்குத் தீர்மான நோட்டு வீடு தேடி வரும்போதுதான் தெரியும். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா." போட்டுவிடுகிறோம். முதல் தவறு இது. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் எழுதியிருக்கும் செலவைப் பற்றிப் பிறகு எப்படிக் கேட்பது?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வந்த நிதி எங்கே போனது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆண்டுவிழாப் பந்தலோடு நிறுத்திக்கொள்ளும் ஊர்கள் உண்டு.

ஆள் எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெற்றோரையே நிரப்பினால் அடுத்த வருடம் பாதிக் குழுவுக்கு மேல் காணாமல் போய்விடும். கூட்டத்தை மதியம் வைத்தால் கூலி வேலைக்குப் போகும் அம்மா எப்படி வருவார்? அப்புறம் 'பெற்றோருக்கு ஆர்வமில்லை' என்று அவர் தலையிலேயே பழியைப் போடுகிறோம்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, பள்ளிக்கு என்னென்ன தேவை என்று குழு எழுதித்தரும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைப் போன வருடத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதுவது. அரசின் திட்டத்துக்கும் நிதிக்கும் இதுதான் அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. 'கழிப்பறை வசதி தேவை' என்று ஒற்றை வரி எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் கழுவுகிறார்கள் என்று நடந்து பார்த்து எழுதுங்கள். பிள்ளைகளைக் கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும்.

2022இல் தமிழ்நாட்டில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பு இந்தக் குழுக்களுக்கு வந்தது. முதலில் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். சம்பளம் சின்னதுதான், சிபாரிசு மட்டும் சின்னதாக இருக்காது. உறுப்பினரின் சொந்தக்காரர் விண்ணப்பித்திருந்தால், அந்த முடிவு எடுக்கும்போது அவர் எழுந்து வெளியே போகட்டும். போனதையும் நோட்டில் எழுதுங்கள்.

சரி, வளர்ச்சித் திட்டத்தில் கேட்டது நிராகரிக்கப்பட்டால்? அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான்.