ஆன்லைன் கார் பந்தய லீகுக்குப் புள்ளிப்பட்டியல் வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆன்லைன் கார் பந்தய லீக் தொடங்குவோர் பலர், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் பத்து இடங்களுக்கு 2010 முதல் வழங்கப்படும் 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற புள்ளி வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பந்தயத்தில் ஏறத்தாழ இருபது கார்களே ஓடுகின்றன. புள்ளி கிடைக்காத ஓட்டுநரும் அணிக்காகக் கடைசிவரை ஓட்டியாக வேண்டும். முப்பது பேர் ஓட்டும் ஆன்லைன் பந்தயத்தில், முதல் வளைவிலேயே பிறர் இடித்ததால் 27ஆம் இடத்துக்குப் போன ஒருவர், அரும்பாடுபட்டு 14ஆம் இடத்துக்கு முன்னேறினாலும் பூஜ்யம்தான், பாதியில் வெளியேறினாலும் பூஜ்யம்தான் என்றால், அவர் வெளியேறுவதைக் குறை சொல்ல முடியாது. பந்தயத்தை முடிக்கும் எல்லோருக்கும் ஏதேனும் புள்ளி இருக்க வேண்டும். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வீடியோ கேம் இதைச் சரியாகச் செய்கிறது: அதில் 15, 12, 10 என்று தொடங்கி, நான்காம் இடத்துக்கு 9, பன்னிரண்டாம் இடத்துக்கு 1 என்று இறங்குகிறது.

அதற்காக இடத்துக்கு ஒரு புள்ளி வீதம் ஒரே சீராகக் குறைத்துக்கொண்டு போவதும் சரியன்று. இருபது பேருக்கு 20, 19, 18 என்று கொடுத்துப் பாருங்கள். பத்தாம் இடத்துக்கு 11 வரும். இரண்டு முறை பத்தாவதாக வந்தவர் 22 புள்ளியுடன், ஒரு முறை வென்று மறுமுறை இணைப்பு அறுந்தவரை முந்திவிடுவார். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியே பட்டியலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஃபார்முலா ஒன்னில் 2002இல் மைக்கேல் ஷூமாக்கர் ஜூலை மாதத்திலேயே பட்டத்தை உறுதி செய்துவிட்டதை அடுத்து, 10–6 என்றிருந்த இடைவெளி 10–8 ஆகச் சுருக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆறு வெற்றிகள் பெற்ற அவர், ஒரே ஒரு வெற்றி பெற்ற கிமி ரைக்கோனனைவிட 93–91 என்று இரண்டே புள்ளிகள் கூடுதலாகப் பெற்றுத்தான் பட்டம் வென்றார். தொடரின் விறுவிறுப்புக்காக வெற்றியின் மதிப்பை அந்த அளவுக்குக் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மோசமான முடிவுகளைக் கழித்துவிடும் விதியைப் பலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஃபார்முலா ஒன்னில் 1988இல் மொத்தம் 105 புள்ளி சேர்த்த அலென் ப்ரோஸ்ட்டை, 94 சேர்த்த அயர்டன் சென்னா வென்றார். சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கில் எடுத்தபோது அது 90–87 ஆனது. இருந்தாலும் மின்வெட்டும் இணைய இணைப்பும் ஓட்டுநர் கையில் இல்லாத ஆன்லைன் பந்தயத்துக்கு இந்த விதி தேவை என்றே நான் கருதுகிறேன். எத்தனை முடிவுகள் கழியும் என்பதைத் தொடர் தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். முறைகேடாக ஓட்டியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பந்தயத்தை மட்டும் கழிக்க விடக் கூடாது. இல்லாவிட்டால், கழிக்கக்கூடிய ஒரு பந்தயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியை இடித்துத் தள்ளவும் சிலர் துணிவார்கள்.

மோதலுக்கெல்லாம் தானாகவே பட்டத்துக்கான புள்ளியைக் குறைப்பது இன்னொரு தவறு. மென்பொருளால் மோதலைக் கண்டறிய முடியும்; குற்றவாளியைக் கண்டறிவது கடினம். ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய மென்பொருளில் மோதிய இருவர் கணக்கிலும் அது ஏறும், ஆனால் அது பெரும்பாலும் பாதுகாப்பு மதிப்பீடு என்னும் தனிக் கணக்கைத்தான் பாதிக்கும். பட்டப்புள்ளியில் கை வைப்பதானால், ரீப்ளே பார்த்து ஒரு மனிதர் முடிவு சொல்ல வேண்டும்.

அதிவேகச் சுற்றுக்குக் கூடுதல் புள்ளி தருவதும் சிக்கலானதே: இழக்க ஒன்றுமில்லாதவர் புது டயர் மாற்றிக்கொண்டு அதைத் தட்டிச் செல்வார். ஃபார்முலா ஒன் 2019இல் கொண்டுவந்த அந்தப் புள்ளி, முதல் பத்து இடங்களுக்குள் வருபவருக்கே என்று வரையறுக்கப்பட்டிருந்தும், 2025இல் நீக்கப்பட்டது.

சர்வர் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை எழுதி வைக்காமல் விடுவோரும் உண்டு. 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில், மழையில் பாதுகாப்பு காரின் (ஆபத்தான நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னே செல்லும் கார்) பின்னே சில சுற்றுகள் ஊர்ந்ததற்கே பாதிப் புள்ளி கொடுக்க நேர்ந்தது. பாதுகாப்பு கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றுகளாவது ஓடியிருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது. உங்கள் லீகில் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு புள்ளி என்பதை, முதல் பந்தயத்துக்கு முன்பே எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.