சென்னை வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் ஏற்ற செடித் தொட்டி

கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடைக்குள் போய் "தொட்டியில் செடி வளர்க்கணும் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கை நீளுவது சிலிண்டர் இருக்கும் பக்கம்தான். "சி.ஓ.டூ இல்லாம செடி நிக்காதுக்கா" என்பார், கார்பன் டை ஆக்சைடு வாயுவைத்தான் சொல்கிறார். அப்புறம் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர், தொட்டிச் செடிக்கென்றே விற்கும் ஜப்பான் மண், உர பாட்டில், தண்ணீரைக் குளிரவைக்க ஒரு சில்லர். அவர் ஏமாற்றவில்லை. சிவப்புச் செடிகளைக் கிடுகிடுவென்று வளர்த்துப் போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் கூடத்து மூலையில் பச்சையாக ஒரு தொட்டி, அதில் சில குட்டி மீன்கள், மாதம் ஒருமுறை கொஞ்சம் வேலை என்றால் தோட்டத்து மண், மணல், ஒரு எல்.இ.டி. விளக்கு, கை நிறையச் செடி போதும். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பெயரால் வால்ஸ்டாட் முறை என்று இதற்கு உலகம் முழுக்கப் பெயர். இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதி குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை, ஹீட்டர் எத்தனை வாட் என்பதில் தொடங்கும். நான் இருப்பது பெரம்பூரில் இரண்டாம் மாடி. மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். குழாயைத் திறந்தால் வருவது பாதி நாள் போர் தண்ணீர். அதற்கேற்ற வழியைத்தான் எழுதுகிறேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருந்தால் நல்லது. கணக்குப்படி 56 லிட்டர், மண்ணும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் குறைவாக இருந்தால் வெயிலில் மதியத்துக்குள் சூடேறிவிடும். எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் டிவி ஸ்டாண்ட், பிளைவுட் அலமாரி எல்லாம் வேண்டாம். இரும்பு ஸ்டாண்ட் அல்லது கடப்பா மேடை, அதன்மேல் ஒரு தெர்மாகோல் ஷீட், அதன்மேல் தொட்டி. மேற்குப் பக்க ஜன்னல் அருகே வைக்காதீர்கள். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் பரவாயில்லை.

இனி மண். நர்சரியில் சாக்கில் விற்கும் கலவை மண்ணை வாங்காதீர்கள். அதில் தொழு உரம், டி.ஏ.பி., புண்ணாக்கு என்று ஏதாவது கலந்திருக்கும். இலுப்பைப் புண்ணாக்கை மீன் பண்ணைக் குளங்களில் போடுவதே வேண்டாத மீன்களைக் கொல்லத்தான். உரம் போடாத செம்மண் கிடைத்தால் அதுவே போதும், களிமண் கொஞ்சம் கலந்திருந்தால் இன்னும் நல்லது. செங்கல்பட்டுப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அரைச் சாக்கு கேட்டு வாங்கிவிடலாம். வாளியில் ஊறவைத்து, மேலே மிதக்கும் வேர், சருகை அள்ளிப் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் காயவையுங்கள். திரும்பவும் நனைத்து, திரும்பவும் காயவையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மட்கவேண்டியது வெளியிலேயே மட்கிவிடும். கடைசியாக மணல் சல்லடையில் சலித்து, தொட்டியின் அடியில் ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் அடியில் காற்றே புகாமல் அழுகும்.

மண்மேல் ஒரு அங்குலம் மணல். 2 முதல் 3 மில்லிமீட்டர் பரு மணல்தான் சரி. வாங்கிய மணலில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சிப்பி, சுண்ணாம்பு இருக்கிறது. நம் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பு போதாதா? எம்.சாண்டு விலை குறைவுதான், ஆனால் தூசி போகக் கழுவி முடிப்பதற்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகி, வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிடுவார்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். போர் தண்ணீர் உப்பு, செடிக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. கடினத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும். வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட், நம் ஏரிகளில் தானாக வளரும் ஹைட்ரில்லா ஆகிய மூன்று செடிகளும் கார்பன் டை ஆக்சைடு கிடைக்காதபோது அந்த பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அதாவது கடைத் தம்பி சிலிண்டரில் விற்பதை இவற்றுக்கு உங்கள் குழாயே கொடுத்துவிடுகிறது. கபோம்பாவுக்கு அந்தத் திறமை கிடையாது. விசிறி போல அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் போனவர்கள் ஒரு மாதத்தில் தண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். மிதக்கும் செடிகளுக்கு இந்தக் கவலையே இல்லை, இலை வெளியே இருப்பதால் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர்க்காரர் வைத்திருப்பாரே அதுதான். 500, 600 வரை எனக்குக் கவலை இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாதிக்குப் பாதி கலக்கிறேன். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு எல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். வாளிமேல் வலைத்துணி போட மறக்காதீர்கள். தொட்டியில் விழும் கொசுப் புழுவை மீன் தின்றுவிடும், வாளியில் விழுவதைத் தின்ன யாரும் இல்லை. மாநகராட்சிக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மீனுக்கு வைத்த தண்ணீர் என்று சொன்னால் எடுபடாது.

நடும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். மணல் பரப்பில் முக்கால்வாசி மறையும் அளவுக்கு முதல் நாளே செடி இருக்க வேண்டும். இந்த முறையில் அதைவிட முக்கியமான விஷயம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் இங்கே ஃபில்டர் வேலையைச் செய்யப்போவது செடிதான். பின்பக்கம் வாலிஸ்நேரியா. ஒரு மூலையில் ஹைக்ரோஃபிலா. முன்பக்கம் நீர்ப்பிரம்மி, வயல் வரப்பு ஈரத்தில் படர்ந்து கிடக்குமே அதேதான், தண்ணீருக்குள்ளும் மெதுவாக வளரும். நடுவில் கிரிப்டோகோரைன் வெண்ட்டை. அது இலங்கைக் காட்டு ஓடைச் செடி, குறைந்த வெளிச்சம் போதும். நட்ட முதல் வாரத்தில் அதன் இலை எல்லாம் கூழாகிவிடும். வேரைப் பிடுங்காமல் விட்டால் புது இலை வரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் வாங்கினால் மண்ணில் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டுங்கள், கிழங்குத் தண்டு மூடினால் அழுகும். மேலே மிதக்க ஹார்ன்வொர்ட் ஒரு கொத்து, ஆகாயத்தாமரைக் குட்டிகள் நாலைந்து.

குளத்திலிருந்து எடுத்த செடியானால் தட்டான் புழுவும் அட்டையும் கூட வரும். மீன் குஞ்சுகளைத் தட்டான் புழு ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறத்தில் கரைத்து, செடியைப் பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசிப் போடுங்கள். நட்ட பிறகு மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியைக் கவிழ்த்தால் செம்மண் கிளம்பித் தொட்டி முழுக்க டீ டிகாக்ஷன்தான்.

விளக்கு 10 வாட் எல்.இ.டி. போதும், 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் சாதாரண வெள்ளை விளக்குதான். காலையில் 4 மணி நேரம், மதியம் அணைத்து, மாலையில் 4 மணி நேரம். நடுவில் அணைப்பது சிக்கனத்துக்காக இல்லை. காலை வெளிச்சத்தில் செடிகள் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தீர்த்துவிடும், மண்ணும் மீனும் மதியத்தில் அதைத் திரும்ப நிரப்பும். டைமர் பிளக் ஒன்று போட்டுவிடுங்கள். கையால் போடலாம் என்றால் சீரியல் முடியும் வரை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், அப்புறம் கண்ணாடி முழுக்கப் பாசி.

உடனே மீன் விடக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளும் மாமியாரும் தினமும் கேட்பார்கள், இருந்தாலும் 3, 4 வாரம் பொறுங்கள். புது மண்ணிலிருந்து அம்மோனியா வரும். நம் ஊர்த் தண்ணீரில் அது இன்னும் ஆபத்து: தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 7 இருக்கும் இடத்தைவிட 8 இருக்கும் இடத்தில் அதே அம்மோனியாவின் நச்சுப் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. சூடு கூடினால் இன்னும் ஏறும். போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த வாரங்களில் ஏழு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டி, செடிகளில் புதுத் துளிர் தெரிந்தால் மீன் விடலாம்.

45 லிட்டருக்கு ஆறேழு சீப்ரா மீன், அல்லது இலங்கையின் செர்ரி பார்ப் ஐந்தாறு, அல்லது கப்பி. கப்பி என்றால் ஆண் மட்டும். ஒரே ஒரு பெண் சேர்ந்தாலும் மாதா மாதம் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கும். கோல்ட்ஃபிஷ் மண்ணைக் கிளறி எல்லாச் செடியையும் பிடுங்கிவிடும். 'டேங்க் கிளீனர்' என்று தலையில் கட்டும் கருப்பு மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், சுத்தம் செய்வதைவிட அது போடும் எச்சம் அதிகம். பாசி தின்ன நத்தை போதும். மலேசிய ட்ரம்பெட் நத்தை பகலில் மண்ணுக்குள் புகுந்து கிளறிக்கொடுக்கும், அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது.

தீனி ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. செடிக்குத் தனியாக உரம் தேவையில்லை, மீன் தின்று கழிப்பதுதான் உரம்.

கோடையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32-இல் 7.3 தான். செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் இதுதான் காரணம். மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஒரு சின்ன யு.எஸ்.பி. ஃபேனை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வைத்தால் 2 டிகிரியாவது இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீரென்று இறங்கி ஏறும் சூட்டை மீன் தாங்காது. ஃபேன் போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே என்று கேட்பார்கள். செம்புக் குழாய்மேல் வழிந்து வருவது அது, நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு ஆகாது.

ஃபில்டர் கட்டாயமில்லை. நான் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவில் மட்டும் ஓட்டுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது இந்தத் தொட்டி அது பாட்டுக்கு இருந்தது. மீன் குறைவு, செடி அதிகம், அவ்வளவுதான் ரகசியம். மீனை நெருக்கி விட்ட தொட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாத வேலை அரை மணி நேரம்தான். கால் பங்கு தண்ணீரை டியூபில் உறிஞ்சி எடுத்து மாற்றுங்கள், எடுத்ததைத் துளசிக்கு ஊற்றுங்கள். மணலில் குழாயை ஆழமாகக் குத்தாதீர்கள், அடிமண் கிளம்பும். பழைய காகிதத்தை நீர்ப்பரப்பில் விரித்து எடுத்தால் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மண்ணிலிருந்து குமிழ் வந்தால் பயப்பட வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் ஒரு மூங்கில் குச்சியால் அங்கங்கே மெல்லக் குத்திக் காற்றை விடுங்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் மருந்து ஊற்றாதீர்கள். மூன்று நாள் விளக்கை அணைத்துப் போர்வை போர்த்திவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, மிதக்கும் செடியைக் கூட்டுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து பெரிய வேலை கத்தரிப்பதுதான். ஆகாயத்தாமரை மேற்பரப்பில் பாதிக்கு மேல் போனால் அள்ளிவிடுங்கள், கீழே வெளிச்சம் போகாது. வெட்டிய செடியையும் கூடுதலான மீனையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' மீன் நம் நீர்நிலைகளில் பெருகி வலையில் ஏறுவது அப்படி யாரோ விட்டதால்தான். மீன் என்றால் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், காசு கேட்காதீர்கள். செடியை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, பூந்தொட்டி மண்மேல் மூடாக்காகப் போட்டுவிடலாம்.