மேனேஜரும் நானே, தயாரிப்பாளரும் நானே: ராக் குழுவோடு வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இசைத்தட்டு உலகில் அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஒரே பாட்டைப் பலமுறை பதிந்ததில் எந்தப் பதிவை (டேக்) வைத்துக்கொள்வது, டிரம்ஸை எவ்வளவு தூக்குவது என்று முடிவு செய்பவர். மேனேஜர் வெளியே நின்று கச்சேரி, ஒப்பந்தம், கணக்கு வழக்கு பார்ப்பவர். இரண்டையும் ஒருவரே செய்த கதைகள் ராக்கில் நிறைய உண்டு. 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டை) தயாரித்தபோது, அவர்களின் மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டமுக்கு வயது 19. ஸ்டுடியோ அனுபவம் கிடையாது.

அனுபவம் இல்லாததுகூடப் பெரிய தவறில்லை, கற்றுக்கொள்ளலாம். இரண்டு வேலைக்கும் தனித்தனியாகப் பங்கு எடுப்பதுதான் வம்பு. தயாரிப்பாளரிடம் குழுவுக்காகப் பேரம் பேச வேண்டியவர் மேனேஜர். இரண்டு பேரும் ஒருவரே என்றால் பேரம் யாரோடு யார் பேசுவது?

மேனேஜர் மைக் அப்பெல் 1972-ல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு போட்ட ஒப்பந்தங்களைப் பாருங்கள். மேனேஜ்மென்ட், தயாரிப்பு, பாடல் பதிப்புரிமை மூன்றும் அப்பெல் தரப்பின் கையில். அப்பெல் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் அந்தப் பையனுக்காக ஓடியாடியவர். ஆனால் 1975-ல் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனதும், அவர் தரப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தது. 1976-ல் வழக்கு. ஸ்பிரிங்ஸ்டீன் தான் விரும்பிய தயாரிப்பாளரோடு ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று தடை. 1977-ல் சமரசமாகி, அடுத்த ஆல்பம் வந்தபோது 1978. புகழ் உச்சியில் இருந்தவருக்கு மூன்று வருட இடைவெளி! தயாரிப்புக்குப் பங்கு எடுத்தால், அந்த ஒலிப்பதிவு வருமானத்தில் மேனேஜர் கமிஷனை விட்டுவிடுங்கள். குழுவுக்குத் தனி வக்கீல் இருக்கட்டும்.

கமிஷன் மொத்த வசூலிலா, செலவு போக மிச்சத்திலா என்று எழுதாமல் விடுவது அடுத்தது. சுற்றுப்பயணத்தில் 100 வருகிறது. பஸ், அறை, லைட், ஆட்கள் என்று 80 போகிறது. மொத்தத்தில் 20 சதவீதம் என்றால் மேனேஜருக்கு 20, மேடையில் வியர்த்தவர்களுக்குப் பூஜ்யம்.

இசைத்தட்டு நிறுவனம் முன்கூட்டித் தரும் அட்வான்ஸை வருமானம் என்று நினைக்காதீர்கள். ஸ்டுடியோ வாடகையும் தயாரிப்பாளர் சம்பளமும் பெரும்பாலும் குழுவின் ராயல்டியிலிருந்துதான் (விற்பனையில் வரும் பங்கு) கழியும்.

சில்லறை என்று தோன்றும் உரிமைகளைத் தூக்கிக் கொடுப்பதும் ஆபத்து. பீட்டில்ஸ் பெயரில் பொம்மை, விக் விற்கும் அமெரிக்க உரிமையை 1963-ல் அவர்களின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் தரப்பு கொடுத்தபோது, வாங்கியவர்களுக்கு 90 சதவீதம், தங்களுக்கு 10. எப்ஸ்டீன் நேர்மையானவர்தான், ஆனால் அந்தப் பக்கம் இவ்வளவு பணம் புரளும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிரிவதற்கான வழியையும் முதல் நாளே எழுத வேண்டும். தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழு தன் தயாரிப்பாளர் ஷெல் டால்மியை 1966-ல் கழற்றிவிட்டது. வழக்கு முடிந்தபோது, தான் தொடாத பாடல்களிலும் அவருக்குச் சில வருடங்கள் பங்கு போனது.

அப்புறம், பாட்டு யாருடையது என்பது. பாட்டு முடிந்த அன்றே, ஆம்ப்ளிஃபயரை அணைப்பதற்கு முன், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஹிட்டான பிறகு உட்கார்ந்தால், அந்த கிட்டார் துணுக்கு தன்னுடையது என்று மூன்று பேர் சொல்வார்கள், அதில் ஒருவர் டிரம்மராக இருப்பார்.