கண்ணுக்குக் கீழே வீக்கம்: ஒத்தடத்துக்கு முன்பு தலையணையைக் கவனியுங்கள்

பல மாதங்களாகக் காலைதோறும் கண்களுக்குக் கீழே வீக்கத்துடன் எழுந்துகொண்டிருந்தேன். இப்போது அது பெரும்பாலும் வருவதில்லை. எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், அது எந்த வகை வீக்கம் என்று அறிந்துகொள்ளுங்கள். காலையில் மிகுந்திருந்து, எழுந்து நடமாடியபின் சில மணி நேரத்தில் தானாக வடிந்தால், அது பெரும்பாலும் நீர்த்தேக்கம். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால் சிறிதளவு நீர் தேங்கினாலும் அங்கே உடனே தெரிந்துவிடும். மாறாக, நாள் முழுவதும் ஒரே அளவில் இருந்து, கண்ணாடி முன் தலையை அசைக்காமல் மேலே பார்க்கும்போது இன்னும் புடைத்துத் தெரிந்தால், வயது ஏறத் தளர்ந்த திசுக்களைத் தள்ளிக்கொண்டு கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு முன்னே வந்திருக்கலாம். அதை எந்த ஒத்தடமும் கரைக்காது. பின்வரும் படிகள் நீர்த்தேக்கத்துக்கு மட்டுமே உரியவை.

ஒரு கண்ணில் மட்டும் வீக்கம், சிவப்பு, வலி, காய்ச்சல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, கால்களும் வீங்கிச் சிறுநீர் நுரைத்துப் போனாலோ, வீட்டு முறைகளில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீரகக் கோளாறும் தைராய்டுக் கோளாறும் இப்படி வெளிப்படுவதுண்டு.

அடுத்தது குளிர் ஒத்தடம். மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்கள்மேல் பத்து நிமிடம் வைத்திருங்கள். கடையில் கிடைக்கும் ஜெல் முகமூடிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். கண்ணின் குழிவில் படிந்து அமர்வதில் ஈரத்துணியே மேல் என்பது என் முடிவு. பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். துணிக்குப் பதிலாகக் குளிர்ந்த கரண்டியால் ஒத்தடம் கொடுப்பவர்கள், அதை ஃப்ரீசரைத் தவிர்த்து ஃப்ரிட்ஜிலேயே குளிரவையுங்கள். குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீக்கம் குறைகிறது, ஆனால் அந்தப் பலன் தற்காலிகமானதே.

நான் தடுமாறிய இடம் தலையணை. படுத்திருக்கும்போது நீர் முகத்தில் தேங்குகிறது, ஆகவே தலையை உயர்த்த வேண்டும் என்று படித்துவிட்டு, இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படுத்தேன். வீக்கம் குறையவில்லை, கழுத்துவலிதான் வந்தது. தலை மட்டும் உயர்ந்து கழுத்து மடங்கியிருந்ததையும், இரவில் புரண்டு தலையணையை விட்டு நழுவிக் குப்புறப் படுத்துவிடுவதையும் பிறகே கவனித்தேன். தோளிலிருந்து தலைவரை சீரான சரிவு கிடைக்க வேண்டும். அதற்குச் சாய்வான ஒற்றைத் தலையணை சிறந்தது. அது இல்லாவிட்டால், மெத்தையின் தலைப்பக்கத்துக்கு அடியில் மடித்த போர்வையைச் செருகுங்கள். மல்லாந்து படுக்கப் பழகுவதற்கு எனக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை பலன் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

உப்பு உடலில் நீரைப் பிடித்துவைக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரவு உணவில் உப்பைக் குறைத்தாலே மறுநாள் காலையில் வேறுபாடு தெரியலாம். மதுவும் தூக்கக் குறைவும் வீக்கத்தைக் கூட்டுபவை.

பின்னர் சேர்த்தது: இவை அனைத்தையும் செய்தும் குறையவில்லை என்று எழுதியவர்களில் சிலர் கண் அரிப்பையும் குறிப்பிட்டிருந்தார்கள். அரிப்பு இருந்தால் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கண்ணைக் கசக்கக் கசக்க வீக்கம் பெருகும். புதிதாகத் தொடங்கிய க்ரீம், கண்மை எதுவாயினும் நிறுத்திப் பாருங்கள். தேநீர்ப் பை குறித்தும் கேட்டிருந்தார்கள். அதிலுள்ள கஃபைன் இரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியதுதான். ஆயினும் நன்றாக ஆறவைத்து, பிழிந்த பிறகே மூடிய இமைமேல் வையுங்கள். நறுமணம் சேர்த்த தேநீரை மட்டும் கண்ணருகே கொண்டுசெல்ல வேண்டாம்.