கேமிங் கம்ப்யூட்டர் கொதிக்கிறதா? பேஸ்டில் கை வைக்கும் முன்

விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரும் சூடாகித் திணறினால், பலருக்கும் முதலில் தோன்றுவது தெர்மல் பேஸ்ட், அதாவது சில்லிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் பசையை, மாற்றுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஒரே வாரத்தில் மூன்று முறை பிராசஸர் கூலரைக் கழற்றி மாட்டியதில் நக இடுக்கெல்லாம் சாம்பல் நிறப் பசை. கடைசியில் பார்த்தால் கொதித்தது பிராசஸரே இல்லை, கிராபிக்ஸ் கார்டு. அதற்குக் காற்று ஊட்ட வேண்டிய முன்பக்க ஃபேனை நானே தலைகீழாக மாட்டியிருந்தேன். அது காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அதனால் அளக்காமல் ஸ்க்ரூட்ரைவரை எடுக்காதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளை ஓடவிட்டு, அரை மணி நேரம் விளையாடிவிட்டு, ஒவ்வொரு பாகமும் தொட்ட உச்ச வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 காட்டுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அது பழுது அல்ல.

எண்ணைப் பார்த்ததும் அலறுவது இன்னொரு தவறு. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு எல்லை 100. கிராபிக்ஸ் கார்டில் 'ஹாட்ஸ்பாட்' என்று, சில்லின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் தனி எண் ஒன்று வரும். அது வழக்கமான எண்ணைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். இடைவெளி 30 பக்கம் போனால்தான் கார்டின் பேஸ்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லையைத் தொட்டால் சில்லு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃப்ரேம்கள் (நொடிக்கு வரையப்படும் படங்கள்) சரியும். அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் எல்லாம் அணையும். எண்கள் எல்லாம் 70-ஐச் சுற்றியே இருந்தும் பட்டென்று அணைகிறதா? பவர் சப்ளையைப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் வியூவர்) வரும் 'கெர்னல்-பவர் 41' என்ற பிழைக் குறிப்பு வெப்பத்துக்கான சான்று அல்ல. ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

சரி, உண்மையிலேயே சூடுதான். எங்கே கோளாறு? சூடு எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் மிக நல்ல துப்பு. சுமை கொடுத்த சில நொடிகளிலேயே 95-க்குத் தாவினால் (மேலே சொன்ன ரைசன் 7000 மாதிரி அதற்கென்றே வடிவமைத்தவை தவிர), பெரும்பாலும் சில்லுக்கும் கூலருக்கும் தொடர்பு சரியில்லை. பதினைந்து இருபது நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் காற்று தேங்குகிறது. உறுதிப்படுத்தப் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி விளையாடுங்கள். நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. அசையவே இல்லை என்றால் கூலர் பக்கம் போங்கள்.

கதவைத் திறந்தே வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுவதுதான் தீர்வு என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். அது சோதனைக்கு மட்டும். நாளாக ஆகத் தூசி நேராக உள்ளே போய் உட்காரும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைக் காட்டுங்கள். உள்ளிழுக்கும் பக்கம் ஒட்டிக்கொள்ளும், ஊதும் பக்கம் பறக்கும். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. பெரும்பாலான கேபினெட்டுகளுக்கு இது போதும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக மூடியிருந்தால், எத்தனை ஃபேன் சேர்த்தாலும் காற்று வர வழி வேண்டுமே!

தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றில் அது கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

கூலர் பக்கம் வந்தால், அடித்தகட்டில் ஒட்டிய பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள், மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களும் உண்டு. பின்களை அழுத்திப் பூட்டும் கூலரில் நான்கில் ஒன்று பாதி பூட்டியிருந்தாலே போதும், சூடு தாவும். தண்ணீர்க் கூலர் என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) பம்ப் சுழல்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகே பேஸ்ட். ஒரு பட்டாணி அளவு வைத்தால் அழுத்தத்தில் தானே பரவும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். ஏஎம்டியின் பழைய ரைசன்கள் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் கையோடு வந்து பின்கள் வளைந்துவிடும். சற்று நேரம் விளையாடிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, அப்புறம் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

எதையும் கழற்றாமலே சூட்டைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ஃப்ரேம் வரம்பு. மானிட்டர் காட்டுவதே நொடிக்கு 144 என்றால், கார்டு 300 ஃப்ரேம் வரைந்து யாருக்கு லாபம்? மெனுத் திரையில் சும்மா நிற்கும்போதே ஃபேன் இரைகிறதென்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.